ரிக்கி ஸ்காக்ஸின் பூர்வ சங்கீதம்

கன்ட்ரி சங்கீதம் என்று அமெரிக்கர்கள் வழங்கும் ஜனரஞ்சக இசையின் சிகரத்தில் ஒரு காலத்தில் வீற்றிருந்தவரும், அதன் விற்பனைப் பட்டியலில் பத்துத் தடவைக்கு மேல் முதலிடம் பெற்றவருமான ரிக்கி ஸ்காக்ஸ், 1997-ஆம் வருஷம் மின்சார கிதாரையும் டிரம்ஸையும் விலக்கிவிட்டு, மாண்டலின், பாஞ்சோ, பிடில், கிதார், டபுள் பாஸ் என்ற மரவாத்தியங்களை மட்டும் துணையாகக் கொண்டு 'ப்ளூகிராஸ் ரூல்ஸ்!' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். அவர் தம்முடைய வேர்களுக்குத் திரும்பிவிட்டார் என்று அப்போதும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். வேர் என்ற வார்த்தையைக் கேட்டதும், யார் இயற்றியதென்று தெரியாமல் தலைமுறை தலைமுறையாக மலையடிவாரங்களில் பாடப்பட்டு வந்த ஏதோ ஒரு புராதன கானம் நம் மனத்தில் தோன்றுவது இயல்புதான். ஆனால் ஸ்காக்ஸ் திரும்பிச் சென்ற ப்ளூகிராஸ் என்ற சங்கீதத்துக்கு அப்போது வயது சுமார் ஐம்பதுதான். அதைத் தோற்றுவித்த பில் மன்ரோ முந்தின வருஷம்வரை உயிரோடிருந்தார். அவருடைய மாண்டலினையே வாங்கி மேடையில் வாசித்த ஆறு வயதுப் பையன்தான் இந்த ஸ்காக்ஸ். ஆகையால் இந்த விருத்தாந்தத்தை, மண்ணுக்குத் திரும்பியவன் கதையாகச் சொல்வதைவிட, குருவினிடம் திரும்பிய சிஷ்யன் கதையாகச் சொல்வதே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

புராதனமான சரக்கு இதில் இல்லாமலும் இல்லை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் அப்பலாச்சிய மலைத்தொடரில், ஸ்காட்லாந்திலிருந்தும் வட அயர்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் குடியேறிய ஏழை ஜனங்கள், கொலையும் காதலும் பிரிவும் சொல்லும் தங்கள் கதைப்பாட்டுகளையும், நடனத்துக்கு வாசிக்கும் பிடிலையும் கொண்டுவந்தார்கள். ஸெஸில் ஷார்ப் என்ற ஆங்கிலேய அறிஞர், இங்கிலாந்திலேயே மறைந்துகொண்டிருந்த பாட்டுகள் இந்த மலைக்குடிசைகளில் ஜீவனோடு இருப்பதைக் கண்டு, 1916 முதல் 1918 வரை அங்கே சுற்றித் திரிந்து அவற்றைச் சுரப்படுத்தி எழுதிக்கொண்டார். அவர் வந்தபோது வெள்ளையர் பாட்டுகளைத் தேடினாரே ஒழிய, அந்த மலைகளில் ஒலித்த பாஞ்சோ யாருடைய வாத்தியம் என்பதில் அதிக சிரத்தை காட்டவில்லை. சுரைக்குடுக்கையில் தோலைப் போர்த்தித் தந்தி கட்டிய அந்த வாத்தியத்தின் ஆதி வடிவத்தைக் கொண்டுவந்தவர்கள், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். பிடில் ஐரோப்பாவிலிருந்தும் பாஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்து கூடின இடம் அது என்பதை மறந்துவிட்டு இந்தச் சங்கீதத்தைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது.

பில் மன்ரோவின் வாழ்க்கையிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1911-இல் மேற்குக் கென்டக்கியில் ரோஸீன் என்ற சிற்றூரை அடுத்த குன்றில், எட்டுக் குழந்தைகளில் கடைக்குட்டியாகப் பிறந்த அவருக்குச் சிறு வயதில் மாறுகண், பார்வையும் மந்தம். வீட்டில் அண்ணன்மார் பிடிலையும் கிதாரையும் எடுத்துக்கொண்டுவிட, இவருக்கு எஞ்சியது மாண்டலின். நம் கச்சேரி மேடைகளில் ஸ்ரீநிவாஸ் வாசித்து நாம் கேட்ட மின்சார மாண்டலின் போன்றதன்று இது. ஜோடி ஜோடியாக எட்டுத் தந்திகள் பூட்டி, பிக் என்ற சிறு சில்லால் மீட்டுவது. தம்பி வாசிப்பது தங்கள் வாத்தியங்களை அமுக்கிவிடக் கூடாதென்று, ஜோடிக்கு ஒன்றாக நான்கு தந்திகளைக் கழற்றிவிட்டு வாசிக்கும்படி அண்ணன்மார் கட்டளையிட்டார்களாம். பிற்காலத்தில் அமெரிக்காவிலேயே எவரும் அவ்வளவு உரத்து மாண்டலின் வாசித்ததில்லை என்று பெயரெடுத்த மனிதருடைய அப்பியாசம் இவ்விதம் பாதித் தந்திகளோடு ஆரம்பமாயிற்று. பத்து வயதில் தாயையும் பதினாறாம் வயதில் தந்தையையும் இழந்த பையனைத் தாய்மாமன் பெண்டில்டன் வாண்டிவர் தம்முடைய குடிசையில் வைத்துக்கொண்டார். மாமன் பிடில் வாசிக்க, மருமகன் பக்கத்தில் தாளம் கொடுத்து வாசிக்க, இருவரும் சுற்று வட்டாரத்து நடனங்களுக்குப் போய்வந்தார்கள். அதே காலத்தில், கிதாரிலும் பிடிலிலும் வல்லவரான ஆர்னல்டு ஷுல்ட்ஸ் என்ற கறுப்பின வித்வானோடும் மன்ரோ நடனங்களுக்கு வாசித்ததுண்டு. தமக்கு ப்ளூஸ் இசையின் நெளிவு சுளிவுகள் அவரிடமிருந்து வந்தன என்பதை மன்ரோ கடைசிவரை மறைத்ததில்லை.

அப்புறம் அவரும் ஊரை விட்டுத்தான் போனார். சிகாகோவை அடுத்த இந்தியானா மாகாணத்து எண்ணெய் ஆலையில் பீப்பாய் உருட்டி வயிறு வளர்த்தார். தென்பகுதி மலைகளிலிருந்து வடக்கே ஆலைகளைத் தேடிப் போன லட்சக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். தாய் தந்தையர் காத்திருக்கும் குடிசை, திரும்பிப் போக முடியாத குன்று என்று இந்தச் சங்கீதம் ஓயாமல் பாடுவதன் காரணம் இதுதான். ஊரில் இருந்தவர்கள் ஊரைப் பற்றி இவ்வளவு பாடுவதில்லை. அண்ணன் சார்லியோடு சேர்ந்து சில காலம் வானொலியில் பாடிப் பிரசித்தியடைந்து, 1938-இல் அவரோடு பிணங்கிப் பிரிந்த மன்ரோ, தம் தாய்நாடான கென்டக்கியின் பட்டப்பெயரைச் சூட்டி 'ப்ளூ கிராஸ் பாய்ஸ்' என்ற குழுவை அமைத்து, 1939 அக்டோபரில் நாஷ்வில் நகரத்து கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற வானொலி மேடையில் ஏறினார். சனிக்கிழமை இரவுதோறும் பல மாகாணங்களில் கேட்கப்பட்ட மேடை அது.

ஆயினும் இன்று ப்ளூகிராஸ் என்று நாம் அறியும் உருவம் 1939-இல் பிறந்துவிடவில்லை. 1945 டிசம்பரில், வட கரோலினாவில் நூலாலைத் தொழிலாளியாக இருந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற இருபத்தொரு வயது இளைஞர் மன்ரோவின் குழுவில் சேர்ந்த பிறகுதான் அது பூர்த்தியாயிற்று. அதுவரை பாஞ்சோ பெரும்பாலும் விகடக்காரர்களின் வாத்தியம்; அதை மாட்டிக்கொண்டு வருகிறவன் தொளதொள சட்டையும் நகைச்சுவையுமாக ஜனங்களைச் சிரிக்க வைக்க வேண்டும் என்பது வழக்கம். ஸ்க்ரக்ஸோ சிரிக்கவுமில்லை, சிரிக்க வைக்கவுமில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் நகம் மாட்டிக்கொண்டு, அவற்றைச் சுழல் வரிசையில் ஓடவிட்டு, ஒரு க்ஷணமும் இடைவெளியின்றிப் பொழியும் சரமாகப் பாஞ்சோவை மாற்றிவிட்டார். லெஸ்டர் பிளாட்டின் கிதாரும் குரலும், சப்பி வைஸின் பிடிலும், ஹவர்டு வாட்ஸின் பாஸும், எல்லாவற்றுக்கும் மேலே மன்ரோவின் கூர்மையான உச்சஸ்தாயிக் குரலும் கூடி, 1946-லும் 1947-லும் கொலம்பியா கம்பெனிக்காகச் சிகாகோவில் பதிவு செய்த தட்டுகளே இந்த சம்பிரதாயத்தின் மூலநூல்கள் எனலாம்.

மேடையில் அவர்கள் வாசித்த முறையையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஐந்து பேருக்கும் ஒரே மைக்குத்தான். பாடுகிறவர் அதன் முன்னால் நிற்பார். அடி முடிந்ததும் அவர் ஒரு பக்கம் விலக, பிடில்காரர் வில் எவர் முகத்திலும் படாமல் உள்ளே புகுந்து தம் பங்கை வாசித்துவிட்டு மறுபக்கம் வெளியேற, பாஞ்சோவைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் வர, சேர்ந்து பாட வேண்டிய இடத்தில் மூன்று தலைகள் ஒன்றோடொன்று முட்டும்படி நெருங்க, இவ்வளவும் ஓட்டத்தில் ஒரு மாத்திரை பிசகாமல் நடக்கும். யாருடைய குரல் தூக்கலாக வேண்டும், எந்த வாத்தியம் தணிய வேண்டும் என்பதை இயந்திரம் தீர்மானிக்கவில்லை. மைக்குக்கும் தங்களுக்கும் உள்ள தூரத்தைக் கொண்டு அவர்களே தீர்மானித்தார்கள். இதைப் பாட்டிகளின் தாலாட்டோடு சேர்த்துக் கிராமிய கலை என்று சொல்வது பிசகு. வானொலிக்காகவும் இசைத்தட்டுக்காகவும் சம்பளம் வாங்கிய தொழில்காரர்கள் சேர்ந்து செப்பனிட்ட நவீன கலை அது. பழைய பாட்டுகளின் வாசனை அதில் கமழ்கிறது, அவ்வளவே.

பிளாட்டும் ஸ்க்ரக்ஸும் 1948-இல் மன்ரோவை விட்டுப் பிரிந்து தனிக்குழு அமைத்து, மார்த்தா வைட் என்ற மாவுக் கம்பெனியின் ஆதரவில் அவரைவிடப் பிரபலமானார்கள். வெர்ஜினியா மலைகளிலிருந்து ஸ்டான்லி சகோதரர்கள் வந்தார்கள். 1954-இல் எல்விஸ் பிரெஸ்லி என்ற பையன் தன் முதல் தட்டின் ஒரு பக்கத்தில் மன்ரோவின் வால்ட்ஸ் பாட்டு ஒன்றையே துள்ளல் போட்டுப் பாடி வெளியிட, அதை அடுத்துப் பெருகிய ராக் அண்டு ரோல் வெள்ளத்தில் மரவாத்தியக்காரர்களின் பிழைப்பு அநேகமாக அடித்துக்கொண்டு போயிற்று. கல்லூரி மாணவர்களுக்கு நாட்டுப்பாடலில் பிறந்த மோகமும், 1965-இல் வெர்ஜினியாவின் பின்காஸில் ஊரில் தொடங்கிய திறந்தவெளி விழாக்களும் இல்லாவிட்டால் இந்தச் சங்கீதம் பிழைத்திருக்குமா என்பது சந்தேகந்தான்.

எல்விஸின் அந்தத் தட்டு கடைக்கு வந்தது 1954 ஜூலை 19. அதற்கு முதல் நாள், கிழக்குக் கென்டக்கியில் கார்டெல் என்ற சிற்றூரில் ரிக்கி ஸ்காக்ஸ் பிறந்தார். தகப்பனார் ஹோபர்ட் வெல்டிங் வேலை செய்பவர். கிதார் வாசித்துப் பாடுபவர். பையனுக்கு ஐந்து வயதானபோது ஒரு மாண்டலினை வாங்கிக் கொடுத்து, மூன்று சுரக்கூட்டுகளுக்கு விரல் வைக்கும் விதத்தை மட்டும் காட்டிவிட்டு, வெளியூரில் வேலைக்குப் போய்விட்டார். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால், பையன் சுரக்கூட்டுகளைத் தானாகவே மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டு, கூடவே பாடிக்கொண்டும் இருந்தானாம். அடுத்த வருஷம், மார்த்தா என்ற பக்கத்து ஊருக்கு மன்ரோ கச்சேரிக்கு வந்திருந்தார். உள்ளூர்ச் சிறுவன் ரிக்கியைப் பாடச் சொல்லுங்கள் என்று கூட்டத்தார் விடாமல் கூவ, ஆறடி உயரமும் சிரிக்காத முகமுமாய் நின்ற மன்ரோ, சிறுவனை ஒரு கையால் மேடைக்குத் தூக்கி, தம்முடைய மாண்டலினையே கழற்றி, நீளமாயிருந்த வாரை வாத்தியத்தின் சுருள் முனையில் சுற்றிக் குறுக்கி, அவன் தோளில் மாட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். அந்த மாண்டலின் சாமானியமானதன்று. கிப்ஸன் கம்பெனியில் லாயிட் லோர் என்ற நிபுணர் 1923-இல் கையெழுத்திட்டு வெளியிட்டது. பிளாரிடாவில் ஒரு க்ஷவரக்கடையில் விற்பனைக்கு இருந்ததை மன்ரோ 150 டாலருக்கு வாங்கியிருந்தார். ஏழாம் வயதில் இதே சிறுவன் பிளாட், ஸ்க்ரக்ஸ் இருவருடைய டெலிவிஷன் நிகழ்ச்சியிலும் தோன்றினான்.

குருகுலவாசத்தின் அடுத்த கட்டம் ரால்ப் ஸ்டான்லியிடம். 1970 வாக்கில் ஒரு நாள், வண்டி பழுதாகி நேரங்கழித்து ஒரு விடுதிக்கு வந்து சேர்ந்த ஸ்டான்லி, உள்ளே தாமும் 1966-இல் காலமான தமையன் கார்ட்டரும் இளமையில் பாடிய பாணி அப்படியே ஒலிப்பதைக் கேட்டுத் திகைத்தார். காத்திருந்த கூட்டத்தைச் சமாளிக்கப் பாடிக்கொண்டிருந்தவர்கள் பதினாறு வயதை ஒட்டியிருந்த இரண்டு பையன்கள்: ரிக்கி ஸ்காக்ஸும் அவருடைய தோழன் கீத் விட்லியும். இருவரையும் தம் குழுவிலேயே சேர்த்துக்கொண்டார். பிறகு ஸ்காக்ஸ் பாஞ்சோ வித்வான் ஜே. டி. க்ரோவின் குழுவில் டோனி ரைஸ், ஜெர்ரி டக்ளஸ் ஆகியோரோடு வாசித்தார். 1975-இல் அவர்கள் வெளியிட்ட தட்டு, அடுத்த தலைமுறை வித்வான்களுக்கெல்லாம் பாடபுஸ்தகம். அதன் பின் பாடகி எம்மிலூ ஹாரிஸின் குழுவில் இருந்து, 1980-இல் அவர் முழுக்க மரவாத்தியங்களோடு பாடிய 'ரோஸஸ் இன் த ஸ்நோ' தட்டுக்கு முதுகெலும்பாக விளங்கினார். அப்போது ஸ்காக்ஸுக்கு வயது இருபத்தைந்து. கைக்கு வராத வாத்தியம் அநேகமாக ஒன்றுமில்லை.

இந்த மூலதனத்தை வைத்துக்கொண்டுதான் 1981-இல் எபிக் கம்பெனியின் மூலம் அவர் கன்ட்ரி சந்தையில் இறங்கினார். வயலின் கூட்டங்களும் மெருகு பூசிய குரல்களும் மலிந்திருந்த நாஷ்வில்லில், பழைய பிளாட்-ஸ்க்ரக்ஸ், ஸ்டான்லி பாட்டுகளை எடுத்து, மலைநாட்டுத் தொனியை விடாமல், டிரம்ஸும் மின்சார கிதாரும் சேர்த்து அவர் பாடியது புதுமையாகப் பட்டது. 1982-இல் ஆப்ரி அவரை அங்கத்தினராக்கியது. தம்மை வளர்த்த மாமனைப் பற்றி மன்ரோ இயற்றிப் பாடிய 'அங்கிள் பென்' பாட்டு, 1984-இல் ஸ்காக்ஸின் குரலில் முதலிடம் பெற்றது. மன்ரோ பாடி அந்த ஸ்தானம் அதற்குக் கிட்டவில்லை. 1985-இல் கன்ட்ரி சங்கீத சங்கத்தார் அவரையே அவ்வாண்டின் தலைசிறந்த கலைஞராகத் தேர்ந்தார்கள். அதே வருஷம் 'கன்ட்ரி பாய்' பாட்டுக்காக நியூயார்க் தெருக்களில் எடுத்த படத்தில், கிழவர் மன்ரோவையே அங்கிள் பென் வேஷத்தில் வரவழைத்து நடனமாடவும் வைத்தார். குருவை விட்டு அவர் விலகியிருந்ததாகச் சொல்லப்படும் காலத்தில் நடந்தவை இவை.

பிறகு ஏன் திரும்பினார்? தொண்ணூறுகளில் கார்த் ப்ரூக்ஸ் முதலியோர் விளையாட்டு மைதானங்களை நிரப்பும் தடபுடல் காட்சியாகக் கன்ட்ரி சங்கீதத்தை மாற்றிவிட்டார்கள். வானொலி நிலையங்கள் இளம் முகங்களையே தேடின. ஸ்காக்ஸின் பாட்டுகள் பட்டியலில் கீழே கீழே இறங்கின. அவர் வானொலியைத் துறக்கும் முன்பே வானொலி அவரைத் துறந்துவிட்டது என்பதே உண்மை. சந்நியாசத்துக்குரிய பெருமை முழுவதையும் அவருக்கு அளிக்க நான் தயாராக இல்லை. ஆனால் கைவிடப்பட்டவர்களில் பெரும்பாலோர் பழைய வெற்றிப் பாட்டுகளையே ஊர் ஊராகப் பாடிக் காலந்தள்ளியிருக்க, இவர் வேறு வழி தேடினார் என்பதும் உண்மையே. 1996-இல் தகப்பனார் இறந்தார். அவ்வருஷம் செப்டம்பர் 9-ஆம் தேதி, பக்கவாதத்தால் சில மாதங்கள் படுக்கையில் கிடந்த மன்ரோவும் இறந்தார். மாண்டலினை வாங்கிக் கொடுத்தவரும், மாண்டலினைத் தோளில் மாட்டியவரும் ஒரே வருஷத்தில் போய்விட்டார்கள். இந்தச் சங்கீதத்தை அழியவிடமாட்டேன் என்று நோயாளியான குருவிடம் வாக்குக் கொடுத்ததாக ஸ்காக்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

வாக்கை நிறைவேற்ற அவர் செய்த முதல் காரியம் வியாபார ரீதியானது; கவனிக்க வேண்டியதும் அதுதான். பெரிய கம்பெனிகளின் தயவு இல்லாமல் இருக்கத் தம் குடும்பப் பெயரிலேயே இசைத்தட்டுக் கம்பெனி ஒன்றை ஆரம்பித்தார். கன்ட்ரி சந்தை தந்த செல்வமும் கீர்த்தியும் இல்லாமல் இது சாத்தியமாகியிராது. 'கென்டக்கி தண்டர்' என்ற தம் குழுவில், ஐம்பதுகளில் மன்ரோவோடு வாசித்த பிடில் வித்வான் பாபி ஹிக்ஸையும், பிரையன் ஸட்டன் என்ற இளைய கிதார் சூரரையும் ஒருங்கே அமர்த்தினார். முதல் தட்டு, மன்ரோ தம் மாண்டலினின் தந்திகளை வழக்கத்துக்கு மாறாகச் சுருதி கூட்டி வாசித்த 'கெட் அப் ஜான்' உருப்படியோடு ஆரம்பமாகிறது; அதன் பின் ஸ்டான்லி, பிளாட்-ஸ்க்ரக்ஸ் பாட்டுகளே மிகுதி. அதற்கும், 1999-இல் வந்த 'ஏன்ஷென்ட் டோன்ஸ்' தட்டுக்கும் கிராமி பரிசு கிடைத்தது. குறை சொல்லாமலும் இருப்பதற்கில்லை. வேகம் சில இடங்களில் பந்தயக் குதிரையின் வேகம்; மன்ரோவின் பழைய தட்டுகளில் வேகத்துக்குள்ளேயே இருக்கும் துக்கம் இங்கே தூசியாகப் பறந்துவிடுகிறது. ஸ்டான்லியின் பாட்டுகளை எடுத்துக்கொள்ளும் இடங்களில்தான் அவர் நிதானப்படுகிறார். அங்கேதான் அவர் குரலும் உயர்கிறது.

அவருக்குப் பின் பலர் இந்த வழியில் வந்தார்கள். டென்னஸி மலைகளில் பிறந்த டாலி பார்ட்டன் 1999-இல் 'த கிராஸ் இஸ் ப்ளூ' வெளியிட்டார். வக்கணையான பாட்டு, அவருடைய தட்டுகளிலேயே தலைசிறந்தவற்றில் ஒன்று, ஆனால் தாய்வீட்டுக்கு வந்த பெண்ணைப்போலச் சில தட்டுகளோடு புறப்பட்டுவிட்டார். கென்டக்கிச் சுரங்கத் தொழிலாளியின் மகளான பாட்டி லவ்லெஸ் 2001-இல் 'மௌண்டன் ஸோல்' பாடினார். 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ' என்ற சினிமாவின் இசைத்தட்டு பல லட்சம் பிரதிகள் விற்று, அதில் பக்கவாத்தியமே இல்லாமல் தனிக்குரலில் மரணத்தை விளித்துப் பாடிய ரால்ப் ஸ்டான்லிக்கு 2002-இல், 75-ஆம் வயதில், முதல் கிராமி பரிசு கிடைத்தது. 2007-இல் மெர்ல் ஹாகர்டும் 2013-இல் ஆலன் ஜாக்ஸனும் ஆளுக்கொரு ப்ளூகிராஸ் தட்டு செய்தார்கள். கலிபோர்னியாவின் மின்சார கிதார்ப் பாணியை வளர்த்த ஹாகர்டுக்கு இது திரும்பிய இடமா, புதிதாய் வந்த இடமா என்று கேட்கலாம். நல்ல பாட்டுக்கு அந்த விசாரணை அவசியமில்லை என்று விட்டுவிடலாம்.

தங்கிவிட்டவர் ஸ்காக்ஸ் ஒருவர்தாம். 2018-இல் கன்ட்ரி சங்கீத மண்டபமும் ப்ளூகிராஸ் மண்டபமும் ஒரே வருஷத்தில் அவரைத் தத்தம் கீர்த்தி வரிசையில் சேர்த்துக்கொண்டன. 1985-இல் எவனோ ஒருவன் வீடு புகுந்து கணப்புக்கோலால் அடித்துச் சிம்பு சிம்பாக நொறுக்கி, கிப்ஸன் கம்பெனியார் துண்டு துண்டாக ஒட்டிச் சேர்த்துக் கொடுத்த மன்ரோவின் அந்த மாண்டலின், இப்போது நாஷ்வில்லில் அந்தக் கன்ட்ரி மண்டபத்துக் கண்காட்சிச் சாலையைச் சேர்ந்த சொத்து. இந்தச் சங்கீதத்தைக் கேட்டறியாத தமிழ் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்காக்ஸின் 1997-ஆம் வருஷத் தட்டில் ஆரம்பிக்க வேண்டாம். 1946, 1947-இல் மன்ரோ சிகாகோவில் பதிந்தவற்றை முதலில் இரண்டு மூன்று முறை கேளுங்கள். பிறகு ஸ்டான்லி சகோதரர்கள். அதன் பிறகு ஸ்காக்ஸைக் கேட்டால், அவர் எங்கே குருவுக்குச் சமீபத்தில் நிற்கிறார், எங்கே அவரைத் தாண்டி ஓடுகிறார் என்பதை உங்கள் காதே சொல்லிவிடும்.